பெட்டகத்தில் உறங்கிய போர்க்காலம்

ஆங்கில நாவல்களுள் ஒரு வகையை அட்டையைக் கண்ட மாத்திரத்தே இனங்கண்டு கொள்ளலாம். பழைய பாணி மேலங்கி அணிந்த இளம்பெண் ஒருத்தி நமக்கு முதுகைக் காட்டி நிற்பாள். கையில் ஒரு சிறு பெட்டி இருக்கும். தூரத்தே ஒரு கோபுரமோ பாலமோ தெரியும். வானத்தில் இரண்டொரு போர்விமானங்கள் பறக்கும். அவளது முகத்தை ஓவியர் வரைவது அரிது. கதையைப் படித்தால் அதன் காரணம் ஒருவாறு விளங்கும். அவள் யார் என்று தேடுவதே கதையின் பாதி வேலை. தேடுகிறவளோ அவளுக்கு ஒரு தலைமுறை, இரு தலைமுறை பின்னே பிறந்த வேறொருத்தி.

ஓர் அதிகாரம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நடக்கும். அடுத்த அதிகாரம் நம் காலத்துக்குத் தாவும். மறுபடியும் போர்க்காலம். இப்படி இரு காலங்களும் மாறிமாறிச் சென்று, கடைசியில் ஒரு கடிதத்திலோ ஓவியத்திலோ கைகோத்துக் கொள்ளும். அமெரிக்காவின் கிறிஸ்தவப் பதிப்பகங்கள் இத்தகைய நாவல்களைத் தொடர்ந்து வெளியிட்டு வருகின்றன. படிப்போருள் பெரும்பாலானோர் பெண்கள் என்பது அட்டையைப் பார்த்தாலே தெரியும். ஆயினும் இவற்றைப் பெண்களின் பொழுதுபோக்கென்று தள்ளிவிடுவது அறியாமை. சைவனாகிய நானும் சிலவற்றைப் படித்தேன். ஒன்றிரண்டை இரவு விளக்கணைக்காமலே படித்தேன்.

கிறிஸ்ரி கேம்பிறன் என்பவர் 2014இல் வெளியிட்ட ‘வண்ணத்துப்பூச்சியும் வயலினும்’ என்று பொருள்படும் நாவலை எடுத்துக்கொள்வோம். நியூயோர்க்கிலே ஓவியக்கூடம் நடத்தும் சேரா என்ற பெண், சிறு வயதில் தான் கண்ட ஓர் ஓவியத்தைத் தேடுகிறாள். தலைமயிர் மழிக்கப்பட்டு, கையில் கைதியின் இலக்கம் பச்சைகுத்தப்பட்ட ஒரு வயலின் கலைஞியின் ஓவியம் அது. மற்றைக் கதை வியன்னாவில் தொடங்குகிறது. நாசி ஆட்சியில் உயர்பதவி வகிக்கும் ஒருவரின் மகள் அடேல், யூதர்களைக் காப்பாற்ற முயன்று அகப்பட்டு, அவுஷ்விற்ஸ் வதைமுகாமின் பெண்கள் இசைக்குழுவிலே வயலின் வாசிக்க நேர்கிறது.

அடேல் கற்பனை, இசைக்குழு கற்பனையன்று. 1943ஆம் ஆண்டு பிர்கெனோ முகாமிலே அது அமைக்கப்பட்டது. காலையில் கைதிகள் வேலைக்கு அணிவகுத்துச் செல்லும்போதும் மாலையில் குற்றுயிராய்த் திரும்பும்போதும் வாயிலருகே அவர்கள் இசைக்க வேண்டும். குழுவை நடத்தியவர் அல்மா றோசே. அவருடைய தந்தை ஆர்னோல்ட் றோசே வியன்னாவின் புகழ்பெற்ற வாத்தியக் குழுவில் முதல் வயலின் கலைஞராக விளங்கியவர். இசைமேதை குஸ்தாவ் மாலர் அல்மாவுக்குத் தாய்மாமன். ஒரு சுரம் பிசகினாலும் அல்மா பொறுக்கமாட்டாராம். வாசிப்புத் தரம் குறைந்தால் குழுவுக்கு என்ன நேரும் என்பது அவருக்குத் தெரியும். அவர் 1944 ஏப்ரிலில் முகாமிலேயே நோயுற்று இறந்தார். ஆனால் அவருடைய கண்டிப்பிலே வளர்ந்த குழுவைச் சேர்ந்த பெரும்பாலான பெண்கள் போர் முடியும்வரை உயிர்தப்பினர்.

இந்த வரலாற்றை நேரடியாகவே ஒரு கதையாக எழுதலாமே, நியூயோர்க் பெண்ணும் அவளுடைய காதலும் எதற்கு என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், பல நாவல்களில் இக்காலப் பகுதி சப்பென்றே இருக்கிறது. மரணவாயிலில் நின்று வயலின் வாசிப்பவளைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, மாடிவீட்டிலிருந்து கோப்பி அருந்தியவாறு கவலைப்படும் நாயகியிடம் என்ன இரக்கம் பிறக்கும்? பக்கத்தைத் தள்ளத்தான் தோன்றும்.

எனினும் அந்தச் சப்பென்ற பகுதிக்கும் ஒரு தொழில் உண்டு. முகாமில் இருப்பவளுக்கு, போர் முடியும் என்பது தெரியாது. தேடுகிறவளுக்கோ, முகாமில் நடந்தது தெரியாது. இரண்டையும் ஒருங்கே காண்பவர் வாசகர் ஒருவரே. கைதி ஒருத்தி இருட்டில் இருந்து செய்யும் பிரார்த்தனை அந்த அதிகாரத்தில் பதிலின்றி முடிகிறது. அடுத்த அதிகாரத்தில், எழுபது ஆண்டுகளின் பின், அவள் அறியாத ஒருத்தியின் கையிலே அதன் பதில் மெல்ல அவிழ்கிறது. கடவுளுக்கு உரிய இடத்திலே வாசகரைச் சற்றுநேரம் இருத்திப் பார்க்கும் உத்தி இது. ‘அன்று கடவுள் எங்கே இருந்தார்?’ என்ற கேள்வி பக்தியுள்ள கிறிஸ்தவரைப் போர்க்காலத்திலிருந்து இன்றுவரை வாட்டுகிறது. 1945 வரையில் மட்டும் நடக்கும் கதை அதற்கு விடை சொல்ல முடியாது திணறும். காலத்தை நீட்டிவிட்டால், விடையொன்று இருப்பதுபோலத் தோன்றுகிறது. இவ்வகை நாவல்களின் கவர்ச்சி பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறதென்பது என் எண்ணம்.

இவ்வகை நாவல்கள் தோன்றுமுன்னரே, அமெரிக்கக் கிறிஸ்தவ வீடுகளில் போர்க்கால வாழ்க்கை வரலாறு ஒன்று வேரூன்றியிருந்தது. ஒல்லாந்தின் ஹார்லெம் நகரில் மணிக்கூடு திருத்தும் குடும்பத்தைச் சேர்ந்த கொறி ரென் பூம் அம்மையார், எழுத்தாளத் தம்பதியர் இருவரின் துணையுடன் 1971இல் வெளியிட்ட ‘மறைவிடம்’ என்ற நூல் அது. அவருடைய படுக்கையறையிலே பொய்ச்சுவர் ஒன்றை எழுப்பி அதன்பின்னே யூதர்களை ஒளித்து வைத்தனர். 1944 பெப்ரவரி 28இல் வீடு சோதனையிடப்பட்டது. குடும்பத்தினர் பிடிபட்டனர், சுவரின் பின்னே இருந்த 6 பேரும் பிடிபடவில்லை. 84 வயதுத் தந்தை சிறையிலே பத்து நாளளவில் இறந்தார். தமக்கை பெற்சி றாவன்ஸ்புறூக் முகாமில் அவ்வாண்டு டிசெம்பரிலே கண்மூடினார். அதன்பின் சில நாளில் கொறி விடுதலையானார். அலுவலகப் பிழையொன்றினால் அந்த விடுதலை நேர்ந்தது என்பதை அவர் பின்னரே அறிந்தார்.

போர்க்கதை அத்துடன் முடிந்தது. கொறி அம்மையாரின் கதை முடியவில்லை. 1947இல் மியூனிக் நகரத் தேவாலயமொன்றில் மன்னிப்பைப் பற்றிப் பேசி இறங்குகிறார். ஒருவன் கையை நீட்டிக்கொண்டு வருகிறான். அவன் றாவன்ஸ்புறூக்கில் காவலாளியாய் இருந்தவன். தம்முடைய கை எழவே மறுத்ததென்று அம்மையாரே எழுதியிருக்கிறார். மனத்துக்குள் பிரார்த்தித்து, வெறுங் கையை மட்டும் இயந்திரம்போல நீட்டினாராம். அன்பு அதன் பின்னரே வந்ததாம். பேசுவது எளிது, கை நீட்டுவது அரிது என்பதை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்ல முடியும்? போர் முடிந்த பின்னரும் தீராதிருக்கும் இந்தக் கணக்கையே இருகால நாவலாசிரியர்கள் மகள், பேத்தி என்று நீட்டி எழுதுகிறார்கள்.

நம் மாணவர்க்கு இது புதுமையாகத் தோன்ற வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்துக் கட்டுரை காதையை நினைத்துப் பாருங்கள். மதுரை எரிகின்றது. மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன் தோன்றி, வேறொரு காலத்துக் கதையைக் கூறுகிறது. அதுவும் போர்க்காலக் கதையே. சிங்கபுரத்து வேந்தன் வசுவும் கபிலபுரத்து வேந்தன் குமரனும் பகைகொண்டிருந்த நாளில், கபிலபுரத்து வணிகன் சங்கமன் மனைவியுடன் சிங்கபுரம் வந்து அணிகலன் விற்கிறான். அரசனிடம் தொழில் புரிந்த பரதன் என்பான் அவனைப் பகைவரின் ஒற்றன் என்று காட்டிக்கொடுக்க, சங்கமன் கொலையுண்கிறான். அவன் மனைவி நீலி 14 நாள் அரற்றித் திரிந்து, மலையிலேறி வீழுமுன் சாபமிடுகிறாள். அந்தப் பரதனே மறுபிறப்பிற் கோவலன். போர்க்காலத்துப் பொய்ச்சாட்சி ஒன்று ஒரு பிறவியைத் தாண்டிவந்து வெட்டுகிறது.

நமக்கு முற்பிறப்பு இருக்கிறது. வினை செய்த உயிரே வினையை அனுபவிக்கிறது. கிறிஸ்தவருக்கு உள்ளதோ ஒரே பிறவி. இந்தப் பிறவியில் தீராத கணக்கை இம்மண்ணிலேயே தீர்த்துக்காட்ட விரும்பும் கிறிஸ்தவக் கதாசிரியர் அதை அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்க வேண்டியவராகிறார். மதுராபதித் தெய்வம் செய்த வேலையை அங்கே பாட்டியின் பெட்டகம் செய்கிறது. இதனாலே வேறொரு சிக்கல் பிறக்கிறது: திறந்து பார்ப்பவள் வினை செய்தவள் அல்லளே! தந்தையரின் பாவம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை தொடரும் என்றும், தந்தையின் பாவத்தை மகன் சுமப்பதில்லை என்றும் இருவிதமாகவும் விவிலியத்திலே சொல்லப்பட்டிருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் பெண்ணைப் பற்றி எழுதுவது எளிதன்று.

அதைத் துணிந்து எழுதியவர் கதி கோல்க்கி. 2015இல் வெளிவந்த அவரது நாவலின் பெயருக்கு ‘அவள் காத்த இரகசியங்கள்’ என்று பொருள். அன்பு காட்டாத தாய் லீசெலொற்றே இறந்தபின், மகள் ஹன்னா அவளுடைய பழைய வாழ்வைத் தேடிப் புறப்படுகிறாள். ஜேர்மனியில் தனக்கொரு பாட்டன் இன்னும் உயிருடன் இருப்பதை அறிகிறாள். உறவுக்கு ஏங்கியவள் ஓடிப்போகிறாள். அந்தப் பாட்டனோ நாசிக் கட்சியிலே விரைந்து உயர்ந்தவன். தன் பதவிக்காக மகளின் திருமணத்தையே பகடையாக்க முனைந்தவன். மற்ற நாவல்களிலே பேத்தி பெட்டகத்தைத் திறந்தால் ஒரு வீராங்கனை வெளிப்படுவாள்; நமக்கும் பெருமையாக இருக்கும். இங்கே வெளிப்படுவது குடும்பத்தின் குற்றம். செய்யாத பாவத்துக்கு ஹன்னா என்ன ஈடு செய்வாள், செய்யத்தான் வேண்டுமா என்ற கேள்வி கடைசிவரை நம்மை விடுவதில்லை. நான் படித்தவற்றுள் இதையே முதலாவதாக வைப்பேன்.

குறையும் சொல்லவேண்டும். அவுஷ்விற்ஸில் கொல்லப்பட்ட ஏறக்குறைய 11 இலட்சம் பேரிலே 10 இலட்சம் பேரளவில் யூதர்கள். அப்படியிருக்க, இந்நாவல்கள் பலவற்றில் துன்பத்தின் நடுவே நிற்பவர் ஒரு கிறிஸ்தவராகவே இருக்கிறார்; யூதர் காப்பாற்றப்படுபவராய் ஓரத்தில் வந்து போகிறார். காப்பாற்றியவர்கள் உண்மையில் இருந்தார்கள், ஆனால் மிகச் சிலர். இரு காலக் கதையல்லாத வேறொரு கிறிஸ்தவ நாவல் இவ்விடயத்தில் பெருங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. கேற் பிறெஸ்லின் 2014இல் எழுதிய அந்நாவலில், யூதப் பெண் ஒருத்தி வதைமுகாம் அதிகாரியிடம் காதல் கொள்கிறாள். முடிவிலே கிறிஸ்துவை நாடுகிறாள். 2015இல் அந்நூல் அமெரிக்கக் காதற்கதை எழுத்தாளர் சங்கத்தின் பரிசுக்கு இறுதிச் சுற்றுவரை சென்றபோது எதிர்ப்பு வலுத்தது. நாவலாசிரியரின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆயினும் பிறர் வீட்டு மரணத்தைத் தம் வீட்டுப் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொள்ளும்போது, இறந்தவரின் பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைவு வேண்டும். இது எந்தச் சமயத்தவருக்கும் பொருந்தும், எமக்குந்தான்.

மற்றொரு குறை அந்தப் பெட்டகமே. அது எப்போதும் தவறாமல் கிடைத்துவிடுகிறது! கடிதங்கள் செல்லரிக்காமல், கட்டிய நாடாவுடன் இருக்கின்றன. நடந்த வரலாறோ வேறு. வார்சோ நகரத்து யூதச் சேரியிலே அடைபட்டிருந்த வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கல்புளும், தோழர்களுடன் சேர்ந்து நாட்குறிப்பு, பள்ளிக் கட்டுரை, பங்கீட்டுச் சீட்டு என்று கிடைத்ததையெல்லாம் சேகரித்து நிலத்தில் புதைத்தார். 1946இல் தகரப் பெட்டிகள் சில தோண்டியெடுக்கப்பட்டன. தண்ணீர் புகுந்து தாள்கள் நனைந்திருந்தன. 1950இல் இரண்டு பாற்குடங்கள் அகப்பட்டன. மூன்றாவது புதையல் இன்றுவரை கிடைக்கவில்லை. ரிங்கல்புளும் 1944இல் மனைவியோடும் மகனோடும் கொல்லப்பட்டார். நாவலிலே பெட்டகம் கிடைப்பது நியதி. உலகத்திலே கிடைத்தால் அதிசயம்.

எங்கள் வீடுகளில் அந்த அதிசயம் இன்னும் அரிது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு மழையில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்கள் எத்தனை பேர் கடிதக்கட்டை எடுத்துக்கொண்டு நடந்தார்கள்? என்னிடம் உயர்தர வகுப்பிலே படிக்கும் மாணவி ஒருத்தி, மேற்கூறிய நாவல்களில் ஒன்றைப் படித்து முடித்த உற்சாகத்தோடு தன் அம்மம்மாவிடம் போயிருக்கிறாள். ‘அந்த இரவைப் பற்றிச் சொல்லுங்கோ அம்மம்மா’ என்று அப்பியாசக் கொப்பியும் பேனையுமாய் முன்னே உட்கார்ந்திருக்கிறாள். அம்மம்மா நெடுநேரம் பேசவில்லையாம்.

“அடுப்பிலே நெல்லு அவிஞ்சுகொண்டிருந்தது, பிள்ளை. இறக்காமல் வந்திட்டம்.”

“பிறகு?”

“பிறகென்ன?”

மாணவி அந்த இரண்டு வசனங்களையும் எழுதிக் கொண்டுவந்து எனக்குக் காட்டினாள். அவற்றின் கீழே பக்கம் முழுவதையும் வெறுமையாக விட்டு வைத்திருக்கிறாள்.