சாவி தொலைஞ்சா டூப்ளிகேட் போடாதீங்க, பூட்டையே மாத்துங்க!

தரங்கம்பாடிக்குப் போனவங்க ராஜ வீதியோட முனையில இருக்கிற நகர வாயிலைப் பார்த்திருப்பீங்க. டேனிஷ்காரங்க 1792-ல கட்டினது. அன்னைக்கு ஊருக்கே ஒரு கதவு. இன்னைக்கு வீட்டுக்கு வீடு கதவு, கதவுக்குக் கதவு பூட்டு.

பழைய திண்டுக்கல் பூட்டு பலதுல, சாவியைத் திருப்பினாதான் பூட்டவே முடியும். அதனால சாவியை உள்ள வெச்சுட்டு வெளியில மாட்டிக்கிறது அபூர்வம். இப்ப வர்ற லாட்ச் அப்படி இல்ல, சாத்தினாலே பூட்டிக்கும். குப்பை கொட்ட வாசலுக்கு வர்றீங்க, கடற்காத்துல கதவு படார்னு சாத்திக்குது. சாவி, போன், பர்ஸ் மூணும் உள்ள. இதுல பணத்தை எங்க இழக்குறோம்னு ஒரு ஆடிட்டரா நான் சொல்றேன்.

சாவி உள்ளதான் இருக்கா?

அப்படின்னா நிம்மதி. பூட்டு ரிப்பேர் பண்றவரைக் கூப்பிடுங்க. வேலையைத் தொடங்குறதுக்கு முன்னாடியே கூலி பேசிடுங்க. அவசரத்துல கதவை உடைச்சா, கூலியை விட தச்சருக்குக் கொடுக்கிற காசு அதிகமாயிடும். வீட்டு இன்ஷூரன்ஸ்ல கேட்டுக்கலாம்னும் நினைக்காதீங்க. 2021 ஏப்ரல்ல இருந்து எல்லா கம்பெனியும் விக்கிற 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசி தீ, புயல், வெள்ளம் மாதிரி ஆபத்துக்கானது. நீங்களே உடைச்ச கதவு அந்தப் பட்டியல்ல வராது.

சாவி வெளியில தொலைஞ்சுதா?

இங்கதான் கவனம் வேணும். நம்மில் பலர், ஸ்பேர் சாவி இருக்கேன்னு அதை வெச்சு இன்னொண்ணு அடிச்சுட்டு வந்துடுறோம். தொலைஞ்ச சாவி யார் கையிலன்னு தெரியாது. அந்தச் சாவியாலயே ஒருத்தர் கதவைத் திறந்து நகையை எடுத்துட்டா?

பெரும்பாலான திருட்டு பாலிசிகள்ல, பலவந்தமா உடைச்சு நுழைஞ்சு திருடினாதான் பணம்னு இருக்கும். யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் எதிர் ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்குல உச்ச நீதிமன்றம் 2004-ல தெளிவா சொல்லிடுச்சு: பாலிசியில என்ன அர்த்தம் எழுதியிருக்கோ அதுதான் ரெண்டு பேரையும் கட்டுப்படுத்தும், பலவந்தம் இல்லாத திருட்டுக்கு அந்த பாலிசியில பணம் கிடையாது. அதாவது, பொருள் போனது உண்மைதான். ஆனா கதவுல ஒரு கீறல்கூட இல்லைன்னா க்ளெய்ம் நிக்காது.

பூந்தொட்டிக்கு அடியிலயும் துளசி மாடத்துலயும் சாவி வைக்கிற பழக்கத்துக்கும் இதே கதிதான். பிரீமியத்தை ஒழுங்கா கட்டிட்டு, திருடனுக்குச் சாவியையும் கொடுத்து வெச்ச மாதிரி.

அதனால தொங்கு பூட்டுன்னா புதுசு வாங்கிடுங்க. கதவுக்குள்ள பதிச்ச பூட்டுன்னா, பலதுல சிலிண்டரை மட்டும் மாத்தினா போதும். பில்லைப் பத்திரமா வைங்க. சில ஆயிரத்துக்குப் பார்த்து சில லட்சத்தை விட்டுடாதீங்க.

லாக்கர் சாவியும் அதே கொத்துல இருந்ததா?

உடனே வங்கிக்குச் சொல்லுங்க. லாக்கரைத் திறக்க, பூட்டை மாத்த, புதுச் சாவி தர ஆகிற செலவை வங்கி உங்ககிட்ட வாங்கலாம்னு ரிசர்வ் வங்கியோட விதிகள் சொல்லுது. பழைய சாவி பின்னால கிடைச்சா ஒப்படைக்கிறேன்னு உறுதிமொழியும் கேட்கலாம். அதனால வீட்டுச் சாவிக் கொத்துல லாக்கர் சாவியைக் கோக்கவே கோக்காதீங்க.

ஊர்ல பூட்டிக் கிடக்கிற வீடு

டெல்டாவுல இது நிறைய. பிள்ளைங்க சிங்கப்பூர்ல, சென்னையில. அப்பா அம்மாவும் கூடப் போயிட்டாங்க. சாவி பக்கத்து வீட்டுல. பல பாலிசிகள்ல, தொடர்ந்து இத்தனை நாளுக்கு மேல ஆள் இல்லாத வீட்டுக்கு கவர் கிடையாதுன்னு ஒரு வரி இருக்கும். உங்க பாலிசியை எடுத்து அந்த எண்ணிக்கையைப் பாருங்க. அதுக்கு மேல பூட்டி வைக்கப் போறீங்கன்னா, முன்கூட்டியே கம்பெனிக்கு எழுதி அனுமதி வாங்குங்க. கடலோர வீடுன்னா உப்புக் காத்துல பூட்டு துருப்பிடிச்சு இறுகிடும். சாவி வெச்சிருக்கறவங்களை மாசம் ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்க.

இன்னைக்கே செய்ய வேண்டியது

1. ஒரு ஸ்பேர் சாவியை நம்பிக்கையான சொந்தக்காரங்க வீட்டுல கொடுத்து வைங்க. சாவியில வீட்டு விலாசம் எழுத வேண்டாம்.

2. ரெண்டு போன் நம்பரை மனப்பாடம் பண்ணுங்க. போன் உள்ள மாட்டிக்கிட்டா காண்டாக்ட் லிஸ்ட் உதவாது.

3. வாடகை வீடுன்னா, பூட்டு மாத்துற செலவு யாருதுன்னு ஒப்பந்தத்துல ஒரு வரி சேருங்க.

4. திருட்டு பாலிசி இருந்தா, 'பலவந்தமா நுழைஞ்சு'ங்கிற மாதிரி வரி எங்க இருக்குன்னு தேடிப் படிங்க. புரியலைன்னா ஏஜென்ட்கிட்ட இமெயில்ல கேட்டு, பதிலையும் இமெயில்லயே வாங்குங்க. வாய்ப்பேச்சு க்ளெய்ம் நேரத்துல நிக்காது.