நடமாடும் கடை வண்டிக்கு ஃபியூஸா, பிரேக்கரா?

கடையைத் தேடி வாடிக்கையாளர் வந்தது போய், வாடிக்கையாளரைத் தேடிக் கடை போகும் காலம் இது. 2021 மே மாத முழு ஊரடங்கின்போது காய்கறி, பழங்களும், பின்னர் மளிகைச் சாமான்களும் வண்டிகளில் வீதி வீதியாகச் சென்று விற்கப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. அன்று அவசரத் தேவைக்காகத் தொடங்கியதை இன்று நிரந்தரத் தொழிலாகவே நடத்திவரும் வணிகர்களும் உண்டு. 'குட்டி யானை' போன்ற சிறு சரக்கு வண்டியில் அடுக்குப் பலகை அடித்து, விளக்கு மாட்டி, மின்னணுத் தராசு, பில் மெஷின், ஒலிபெருக்கி, தயிர் - பால் வைக்க ஒரு சிறு குளிர்ப்பெட்டி என்று ஒரு கடையே வண்டிக்குள் வந்துவிடுகிறது.

பலகைக்கும் பெயிண்டுக்கும் கணக்குப் பார்த்துச் செலவு செய்கிற நாம், வயரிங் என்றதும் "ஏதோ நாலு லைட் எரிந்தால் போதும்" என்று விட்டுவிடுகிறோம். அந்த வண்டிக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். தீப்பெட்டி, கற்பூரம், எண்ணெய் பாக்கெட், பிளாஸ்டிக் பை, அட்டைப் பெட்டி! இத்தனைக்கும் நடுவே பேட்டரி வயர் ஓடுகிறது. ஆகவே ஃபியூஸ் போடுவதா, சர்க்யூட் பிரேக்கர் போடுவதா, எந்த அளவில், எந்த இடத்தில் என்பதை முதலாளிதான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

12 வோல்ட் என்றால் சாதாரணமா?

"பேட்டரி கரண்டுதானே, தொட்டால்கூட ஷாக் அடிக்காது" என்று சொல்வார்கள். ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் தீப்பிடிக்காது என்பது உண்மையல்ல.

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் வருவது ஆம்பியர். விளக்குகளுக்கு 40 வாட், ஒலிபெருக்கிக்கு 60, தராசு, பில் மெஷின், போன் சார்ஜர் மூன்றுக்கும் சேர்த்து 30, குளிர்ப்பெட்டிக்கு 60 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 190 வாட். கடையில் 230 வோல்ட்டில் இதற்கு ஒரு ஆம்பியர்கூட ஆகாது. அதே 190 வாட் 12 வோல்ட் வண்டியில் சுமார் 16 ஆம்பியர்! வயரைச் சூடாக்குவது வோல்ட் அல்ல, ஆம்பியர். ஆகவே கடையில் தாங்கிய மெல்லிய வயர் வண்டியில் தாங்காது.

பிளஸ் வயர் வண்டித் தகட்டில் உரசி, தோல் கிழிந்து ஷார்ட் ஆனால் நிலைமை இன்னும் மோசம். நல்ல நிலையில் உள்ள 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி, ஷார்ட் ஆன அந்த நொடியில் ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் தள்ளக்கூடியது. நடுவில் ஃபியூஸ் இல்லையென்றால் வயரே பழுத்து எரியும்.

ஃபியூஸ் யாருக்குக் காவல்?

இங்கேதான் நம்மில் பலரும் தவறாக எண்ணுகிறோம். ஃபியூஸ் இருப்பது விளக்கையோ குளிர்ப்பெட்டியையோ காப்பாற்றுவதற்கு அல்ல, வயரைக் காப்பாற்றுவதற்கு. எனவே ஏறுவரிசை ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: சுமை சிறியது, அதைவிட ஃபியூஸ் சற்றுப் பெரியது, ஃபியூஸைவிட வயர் பெரியது. இந்த வரிசை எந்த இடத்திலும் தலைகீழாகக் கூடாது.

மேலே சொன்ன வண்டிக்கே கணக்குப் போடுவோம். விளக்குகளுக்குச் சுமை 3.3 ஆம்பியர், 5 ஆம்பியர் ஃபியூஸும் 1.5 சதுர மி.மீ. வயரும் போதும். ஒலிபெருக்கிக்கு 5 ஆம்பியர்; 7.5 ஆம்பியர் ஃபியூஸ், அதே வயர். குளிர்ப்பெட்டி ஓடும்போது 5 ஆம்பியர்தான் என்றாலும் மோட்டார் கிளம்பும்போது அதிகம் இழுக்கும். அதற்கு 15 ஆம்பியர் ஃபியூஸும் 4 சதுர மி.மீ. வயரும் போடலாம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் பெட்டிக்கு வரும் தாய் வயர் 6 சதுர மி.மீ., அதற்கு 30 ஆம்பியர் ஃபியூஸ். தொடர்ந்து ஓடும் சுமை, ஃபியூஸ் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

வயர் தடிமனாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 5 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. வயரில் 10 ஆம்பியர் போய்த் திரும்பினால் வழியிலேயே 0.7 வோல்ட் குறைந்துவிடும். 230 வோல்ட்டில் இது ஒன்றுமில்லை. 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6 சதவீதம்! குளிர்ப்பெட்டி அடிக்கடி நின்றுபோவதற்குப் பேட்டரியைக் குறை சொல்வோம்; காரணம் வயராக இருக்கும்.

வைக்கும் இடம்

தாய் வயரின் ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் அழகாக ஃபியூஸ் பெட்டி வைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து அதுவரை வரும் வயரைக் காவலின்றி விட்டால் பயனில்லை. ஷார்ட் அந்த நடுவழியில் ஏற்பட்டால் பெட்டியிலுள்ள ஃபியூஸுக்குத் தெரியவே தெரியாது.

கடைச் சாமான்களுக்கென்று இரண்டாவது பேட்டரி வைத்து, அதை இன்ஜின் பேட்டரியோடு இணைத்திருப்பவர்கள் அந்த இணைப்பு வயரின் இரு முனையிலும் ஃபியூஸ் போட வேண்டும். அந்த வயருக்கு இரு பக்கமிருந்தும் கரண்ட் வரும் என்பதே காரணம்.

ஃபியூஸா, பிரேக்கரா?

பேட்டரி அருகே ஃபியூஸ்தான் நல்லது. அதில் அசையும் பாகம் கிடையாது. குலுக்கலும் தூசியும் அதை அதிகம் பாதிப்பதில்லை. கிளை வயர்களுக்கு வண்டிகளில் வழக்கமாக வரும் பிளேடு ஃபியூஸே போதுமானது. நிறத்தைப் பார்த்தே அளவு தெரியும்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. எரிந்துபோனால் ஒரு டீச் செலவில் மாற்றிவிடலாம்.

பிரேக்கரின் வசதி வேறு. விழுந்தால் மறுபடி தூக்கிவிடலாம், சுவிட்சாகவும் பயன்படும். இரவில் வண்டியை நிறுத்தும்போது கடைச் சாமான்கள் அனைத்தையும் ஒரே கையசைவில் துண்டிக்க வேண்டுமானால் பிரேக்கர் நல்லது. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள்.

ஒன்று, வீட்டுக்கு வாங்கும் சாதாரண ஏ.சி. எம்.சி.பி.யை வண்டியில் மாட்டக் கூடாது. ஏ.சி. கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவதால், துண்டிக்கும்போது எழும் தீப்பொறி தானே அணைந்துவிடும். பேட்டரியின் டி.சி. கரண்ட் அப்படிப் பூஜ்யத்துக்கு வருவதில்லை. பொறி நீடித்து உள்பாகம் கருகலாம். டி.சி. வோல்டேஜ் எவ்வளவு என்று மேலேயே அச்சிட்ட பிரேக்கரைத்தான் வாங்க வேண்டும். சிலவற்றில் பிளஸ், மைனஸ் குறி இருக்கும். அதை மாற்றி மாட்டக் கூடாது.

இரண்டு, விழுந்தபின் ஆறியதும் தானே சேர்ந்துகொள்ளும் பிரேக்கர்களும் உண்டு. அவை நமக்கு வேண்டாம். ஷார்ட் தீராத வயரில் கரண்ட் மறுபடி மறுபடி பாய்ந்து சூடேறும். கையால் தூக்கிவிடும் வகையே பாதுகாப்பானது.

லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஷார்ட் ஆனால் அது தள்ளும் கரண்ட் மிக அதிகம். ஆம்பியர் அளவு மட்டுமின்றி, எவ்வளவு பெரிய ஷார்ட்டைத் துண்டிக்கும் திறன் அந்த ஃபியூஸுக்கு உண்டு என்பதையும் கேட்டு வாங்க வேண்டும்.

இன்வெர்ட்டர் வைத்தால்

600 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் ஓடினால், அதனுள் ஏற்படும் இழப்பையும் சேர்த்துப் பேட்டரியிலிருந்து சுமார் 60 ஆம்பியர் இழுக்கும். இதற்குத் தனியாக 25 சதுர மி.மீ. வயரும் 80 ஆம்பியர் ஃபியூஸும் தேவை. இன்வெர்ட்டரோடு வரும் தாளில் வேறு அளவு குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

இரவில் கடையிலிருந்து வயர் இழுத்து வண்டிக்குச் சார்ஜ் போடுவோர், அங்கே வேறு ஆபத்து இருப்பதை உணர வேண்டும். அது 230 வோல்ட். வண்டியோ முழுக்க இரும்பு. அந்த இணைப்புக்குச் சரியான எம்.சி.பி.யோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் எர்த் வயரும் கட்டாயம். எம்.சி.பி. வயரைக் காக்கும், மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி.தான்.

ஃபியூஸுக்குத் தெரியாத ஆபத்து

லூஸ் கனெக்‌ஷனை எந்த ஃபியூஸும் கண்டுபிடிக்காது. கரண்ட் கூடுவதில்லை, முனை மட்டும் சூடேறும். வண்டி குலுங்கக் குலுங்கத் திருகு தளரும். ஆகவே பல இழை வயரே போட வேண்டும். முனைகளில் லக் வைத்து அழுத்த வேண்டும். தகட்டு ஓட்டையில் வயர் நுழையுமிடத்தில் ரப்பர் வளையம் மாட்ட வேண்டும். மாதம் ஒருமுறை முனைகளைத் தொட்டுப் பார்த்து, சூடோ கருகலோ இருந்தால் உடனே சரிசெய்ய வேண்டும்.

ஃபியூஸ் எரிந்தால் காரணத்தைத் தேடுங்கள். 10 இருந்த இடத்தில் 30 போடுவதும், கம்பி இழையைச் சுற்றிவிடுவதும், ஜரிகைத் தாளை மடித்துச் செருகுவதும் அன்றைய வியாபாரத்தை நடத்திக் கொடுக்கும். ஆனால் வண்டியையே பணயம் வைப்பதாகும். எடைக்கல்லில் முத்திரை பார்த்து வாங்குகிற நாம், ஃபியூஸிலும் கம்பெனிப் பெயரையும் அளவையும் பார்த்து வாங்குவோம். பெயரில்லாத சரக்கு எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் இருந்துவிடலாம்.

வயரிங் செய்பவரிடம் எந்த வயருக்கு எந்த ஃபியூஸ் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிப் பெட்டி மூடியின் உள்ளே ஒட்டுங்கள். அளவுக்கு இரண்டு வீதம் மாற்று ஃபியூஸ்களும், கைக்கெட்டும் இடத்தில் ஒரு தீயணைப்பு சிலிண்டரும் வண்டியில் இருக்கட்டும். வண்டியில் செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லி, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வரும் விடுமுறை நாளில் சரக்கை இறக்கியதும், முதல் வேலையாகப் பேட்டரி மூடியைத் திறந்து, பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அதைப் போட்ட பிறகே அடுத்த நடைக்குச் சரக்கு ஏற்றுங்கள்.