விரலால் காட்டினால் விருந்து

ஆர்ச்சர்ட் சாலை ‘லக்கி பிளாசா’வின் பிலிப்பினோ உணவுக் கடைகளுக்கு நான் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். ‘துரோ-துரோ’ எனப்படும் இவ்வகைக் கடைகளில் உணவுப் பட்டியல் தேவையில்லை. ‘துரோ’ என்றால் தகாலோக் மொழியில் சுட்டிக்காட்டுதல். வேண்டியதைக் காட்டினால் சோற்றுடன் தருவார்கள். வினிகரும் சோயா சாஸும் சேர்த்து வேகவைத்த கோழி ‘அடோபோ’ மாணவர்களின் கைக்காசுக்கும் கட்டுப்படியாகும். புளி சேர்த்த ‘சினிகாங்’ சூப், நம் ரசத்துக்குத் தூரத்து உறவு.

பக்கத்து மேசைகளில் இல்லப் பணிப்பெண்கள். வாரம் முழுதும் பிறருக்குச் சமைப்பவர்களுக்கு, அன்று வேறொருவர் சமைத்துத் தரும் சொந்த ஊர்ச் சாப்பாடு. 2023 முதல், மாதத்தில் ஒரு நாளாவது அவர்களுக்குக் கட்டாய ஓய்வு உண்டு; அந்த நாளுக்குப் பதிலாகப் பணம் கொடுத்து வேலை வாங்க முடியாது.

உங்கள் வீட்டிலும் பணிப்பெண் இருக்கிறாரா? அவரது ஓய்வு நாள் எதுவென்று உங்களுக்குத் தெரியுமா?