மகள் படிப்புக்கான பணத்தை சம்பா அறுவடையிலேயே எடுத்து வையுங்கள்!

‘மூன்றரை ஏக்கரில் குறுவை, சம்பா செய்கிறோம். மகளுக்கு மூன்று வயது. தனியார் பள்ளியில் எல்.கே.ஜி சேர்க்கப் போகிறோம். கல்லூரி வரைக்குமான செலவுக்கு இப்போதே என்ன செய்யலாம்?’ என்று திருவாரூர் மாவட்ட வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப்புழு என்று கேள்வி வருகிற பக்கம் இது. ஆனாலும், நான் பார்த்தவரை விவசாயி வீட்டு நகை அடகுக்குப் போவது உரம் வாங்க மட்டுமல்ல, பள்ளிக் கட்டணத்துக்கும்தான்.

சம்பா பணம் பிப்ரவரி, மார்ச்சில் வரும்; குறுவைப் பணம் அக்டோபர் வாக்கில். பள்ளியில் கட்டணம் கேட்பது ஜூனில். மேட்டூர் திறந்து, உழவுக்கும் நாற்றங்காலுக்கும் கை நீளும் அதே ஜூன்! நான் கல்லூரி சேர்ந்த ஆண்டு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. மீட்க மூன்று போகம் ஆனது.

ஆகவே, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கியில் ஏறிய அன்றே படிப்புப் பங்கைப் பிரித்துவிடுங்கள். மாதாமாதம் கட்டும் திட்டம் நமக்கு ஒத்துவராது. பாதியில் கட்ட முடியாமல் விட்ட பாலிசிகளை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

பெண் குழந்தைக்கு தபால் நிலையத்தின் செல்வமகள் சேமிப்புத் திட்டம் பொருத்தமானது. பத்து வயதுக்குள் கணக்குத் தொடங்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். கையில் பணம் இருக்கும்போது கட்டலாம் என்பதுதான் நமக்கு வசதி. 15 ஆண்டுகள் கட்ட வேண்டும். கணக்கு 21 ஆண்டில் முதிரும். 2024 ஜனவரியில் வட்டி 8.2 சதவிகிதம் ஆனது. காலாண்டுக்கு ஒருமுறை அரசு இதை மாற்றலாம்.

சம்பாவில் 8,000, குறுவையில் 4,000 என்று இப்போது தொடங்கினால், மகளுக்கு 18 வயதாகும்போது நீங்கள் கட்டியது 1,80,000 ரூபாய். அதே வட்டி நீடித்தால் கணக்கில் மூன்றரை லட்சத்தை ஒட்டி இருக்கும். மேற்படிப்புக்காக அதில் பாதி வரை எடுக்கலாம். மாதம் 5-ம் தேதிக்குள் கட்டினால் அந்த மாதத்துக்கும் வட்டி உண்டு. ஆண் பிள்ளை என்றால் ‘பொன்மகன்’ என்று கேளுங்கள், அது பி.பி.எஃப் கணக்குதான்.

இனி தனியார் பள்ளி விஷயம். என் யோசனை சிலருக்குப் பிடிக்காது. ஐந்தாம் வகுப்பு வரை எங்கே வேண்டுமானாலும் படிக்கட்டும். ஆறாம் வகுப்பில் நின்று கணக்குப் பாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவம், பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கல்லூரி போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். ஊரைப் பார்த்து கௌரவத்துக்காக வேன் ஏற்றிவிட்டால் இவ்வளவும் கைவிட்டுப் போகும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கச் சொல்லவில்லை. உங்கள் பகுதி அரசுப் பள்ளிக்கு நேரில் போய், கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் முடிவு வேறாக இருக்கலாம்.

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் தொழிற்படிப்புக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால், கலந்தாய்வு மூலம் சேர்ந்தால்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. பிறகும் பற்றாக்குறை என்றால் வங்கியில் கல்விக் கடன் 4 லட்சம் வரை சொத்துப் பிணையம் இல்லாமல் கேட்கலாம். நிலப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கந்துவட்டிக்காரரிடம் போக வேண்டாம்.

‘வரப்பில் தேக்கு வைத்தால் கல்யாணத்துக்கும் படிப்புக்கும் ஆகுமே’ என்பார்கள். வையுங்கள், ஆனால் தேக்கு கைக்கு வர இருபது ஆண்டுக்கு மேல் ஆகும். மகள் அதற்குள் கல்லூரியே முடித்திருப்பாள். 2018 கஜா புயலில், தென்னையை நம்பிப் பிள்ளை படிப்பைத் திட்டமிட்டவர்கள் ஒரே இரவில் தோப்பை இழந்ததைப் பார்த்தவன் நான். மரம் கூடுதல் வரவாக இருக்கட்டும்.

மகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான் அட்டை, புகைப்படம். இவற்றை எடுத்துக்கொண்டு இந்த வாரமே தபால் நிலையம் போங்கள். முதல் தவணைக்கு 250 ரூபாய் போதும். மீதியை நெல் பணம் வந்ததும் கட்டிக்கொள்ளலாம்.