எந்த நாய்க்கு எந்த இடம்?



நம்ம ஊர்ப் பக்கம் நாய் இல்லாத தோட்டத்தைப் பார்க்க முடியாது. முன்னெல்லாம் தோட்டத்துச் சாளையில் ஒரு நாட்டு நாய் இருக்கும். அதை யாரும் வாக்கிங் கூட்டிப் போனதில்லை. அதுவே வரப்பு வரப்பாகச் சுத்திட்டு, பொழுதோட சோத்துக்கு வந்து நிற்கும். இப்போ டவுனுக்குள்ளேயும் லேப்ரடார், பக், பொமரேனியன் என்று பல வகை நாய்கள் வந்துவிட்டன. காம்பவுண்டுக்குள்ளேயே கட்டிப் போட்டால் நாய்க்கு உடம்பு பெருக்கும், கோபமும் ஏறும். அதனால் தினமும் நடக்கக் கூட்டிப் போக வேண்டும்.

சரி, எங்கே கூட்டிப் போவது? "மேட்டுப்பாளையத்துல இடத்துக்கா பஞ்சம்? ஆறு இருக்கு, மலை இருக்கு, காடு இருக்கு!" என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் எல்லா இடமும் எல்லா நாய்க்கும் ஆகாது. ஒரு இடம் மட்டும் எந்த நாய்க்குமே ஆகாது. அது எது, ஏன் என்று பார்ப்போமா?

முதலில் உங்க நாயைப் பாருங்க!

★ நாட்டு நாய்: நம்ம வெயிலுக்குப் பழகினது. குட்டை முடி, கெட்டியான பாதம். மண் ரோடு, மேட்டாங்காடு எல்லாம் நன்றாக நடக்கும். ஒரே சிக்கல், அடுத்த வீதி நாய்களோடு சண்டை. அதனால் தினமும் ஒரே வழியில், கயிற்றைப் பிடித்தபடி போவது நல்லது.

★ ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி: இவை நம்ம தமிழ்நாட்டு வேட்டை நாய்கள். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையமும் ஒன்று! இந்த நாய்களுக்கு நடை பத்தாது, ஓட வேண்டும். ஒரு முயல் அசைந்தால் போதும், நீங்கள் கூப்பிடுவது காதில் ஏறாது. ராஜபாளையம் நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பதையும் மறக்காதீர்கள். இவற்றுக்கு நாலு பக்கமும் வேலி போட்ட தோட்டம்தான் சரி. உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு அங்கே அவிழ்த்து விடலாம்.

★ லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட்: குளிர் நாட்டு நாய்கள். முடி அடர்த்தி. வெடியால ஆறு மணிக்கு, மர நிழல் உள்ள பாதையில் போக வேண்டும். லேப்ரடாரின் முன்னோர்கள் கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு வேலை செய்தவை. அதனால் தண்ணீரைக் கண்டால் குதித்துவிடும். (ஆற்றங்கரை பற்றிக் கீழே படிக்கவும்!)

★ பக்: 2003-இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் பையன் பின்னாடியே போகுமே, அதேதான். மூக்கு சப்பை. நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வேர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். சப்பை மூக்கு நாய்க்கு அதுவும் சரியாக முடியாது. ஆகவே வீட்டுப் பக்கத்திலேயே நிழலில் பத்து நிமிடம் போதும். ஓட விடாதீர்கள்.

★ பொமரேனியன், டாஷ்ஹண்ட்: சின்னக் கால். தெரு நாய்கள் கூட்டமாக இருக்கும் வழி வேண்டாம். டாஷ்ஹண்டுக்கு முதுகு நீளம், அதனால் படிக்கட்டு அதிகம் உள்ள இடமும் வேண்டாம்.

★ குட்டிகள்: தடுப்பூசி எல்லாம் போட்டு முடிக்கும் வரை பொது இடத்துக்கே கூட்டிப் போகக் கூடாது. பார்வோ என்ற கொடிய வைரஸ், நோயுள்ள நாயின் கழிவிலிருந்து மண்ணில் தங்கி மற்ற குட்டிகளுக்குப் பரவும்.

அடுத்து இடத்தைப் பாருங்க!

1. பூங்கா: முதலில் வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். நாய்க்கு அனுமதி இல்லை என்றால் இல்லைதான். அனுமதி இருந்தாலும் சின்னப் பசங்க விளையாடும் ஊஞ்சல், சறுக்கு மரம் பக்கம் போகாதீர்கள். "நம்ம நாய் ஒண்ணும் பண்ணாதுங்க" என்று எல்லாரும்தான் சொல்வார்கள். ஆனால் அது அந்தப் பாப்பாவுக்குத் தெரியாதே! பழைய பேப்பர் எடுத்துப் போங்க. நாய் அசிங்கம் செய்தால் நாமதான் எடுக்க வேண்டும்.

2. நடைபாதை: கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் மாதிரி மரம் உள்ள நடைபாதை பெரிய நாய்களுக்கு ஏற்றது. ஆனால் நடக்கிற ஆட்கள் அதிகம். கயிற்றை நீளமாக விட்டால் வயசானவங்க காலில் சிக்கும். கையோடு குட்டையாகப் பிடிக்க வேண்டும்.

3. பவானி ஆற்றங்கரை: பார்க்க அழகு. ஆனால் ஏமாறாதீர்கள்! மேலே பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் இங்கே மழையே இல்லாமல் ஆறு திடீரென்று ஏறும். முழங்கால் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் இழுவையாகிவிடும். நாய் நீந்திக் கரை ஏறிவிடும், அதைப் பிடிக்க இறங்கின ஆள் ஏற முடியாமல் போகலாம். லேப்ரடார் வைத்திருப்பவர்கள் வீட்டில் ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்பி விடுங்கள். அதுக்கு அது போதும்.

4. பாக்குத் தோப்பு, வாழைத் தோட்டம்: நல்ல நிழல், குளிர்ந்த மண். வெயில் தாங்காத நாய்க்கு இதைவிட நல்ல இடம் இல்லை. தோட்டக்காரரிடம், "ஏனுங், நாயைக் கொஞ்சம் நடக்க வெச்சுக்கட்டுங்களா? எலி மருந்து ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்று இரண்டையும் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் காது மடல், விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

செய்து பாருங்கள்: தார் ரோட்டில் புறங்கையை வைத்து மெதுவாக ஏழு வரை எண்ணுங்கள். சுட்டுக் கையை எடுத்துவிட்டீர்களா? அப்போ அந்த ரோட்டில் நாயும் நடக்கக் கூடாது. அதுக்குச் செருப்பு இல்லை!

காடு வேறு, வனம் வேறு!

நம்ம பக்கம் "காட்டுக்குப் போறேன்" என்றால் சோளமோ கடலையோ வெச்ச நிலத்துக்குப் போகிறோம் என்று அர்த்தம். அந்தக் காட்டில் நாய் நடக்கலாம். ஆனால் கல்லாறு, ஊட்டி ரோடு, கோத்தகிரி ரோடு, சிறுமுகைப் பக்கம் இருக்கும் வனத்துக்குள் மட்டும் எந்த நாயையும் கூட்டிப் போகக் கூடாது. ஏன் தெரியுமா?

முதல் காரணம் யானை. கல்லாறு யானைகள் காலங்காலமாகக் கடந்து போகும் வழித்தடம். யானையைக் கண்டால் நாய் சும்மா இருக்காது, குரைக்கும். யானை துரத்தினால் நாய் எங்கே ஓடும்? தன்னைக் கூட்டி வந்தவரிடம்தான் ஓடி வரும். பின்னாடியே யானையும் வரும்! சிறுத்தைக்கோ நாய் என்பது சுலபமான இரை. மாலை மங்கிய பிறகு வன ஓரத்தில் நாயோடு நடப்பது நாமே விருந்து வைத்துக் கூப்பிடுவது மாதிரி.

இரண்டாவது காரணம் அவுட்டுக்காய். காட்டுப்பன்றிக்காகச் சிலர் தின்பண்டத்துக்குள் வெடி மறைத்து வைக்கும் கொடுமை இது. சட்டப்படி குற்றம், ஆனாலும் இன்னும் நின்றபாடில்லை. நாய் மோந்து பார்த்துக் கடித்தால் வாய் சிதறிவிடும்.

மூன்றாவது காரணத்தை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. நம்ம நாயால் வனத்துக்கு ஆபத்து! டிஸ்டெம்பர் என்ற நாய் நோய் காட்டு விலங்குகளையும் கொல்லும். ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் 1994-இல் இந்த வைரஸ் பரவி, அங்கிருந்த சிங்கங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இறந்தன. நம்ம நாட்டிலும் 2018-இல் குஜராத் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது இதே வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. நம்ம மலையில் சிங்கம் இல்லை. ஆனால் செந்நாய் இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது.

நான்காவது, சட்டம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே தவறு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, நாயை விட்டு மானையோ முயலையோ துரத்துவதும் வேட்டைதான். "நாய்தானுங்க துரத்துச்சு, நானில்லை" என்று சொல்லித் தப்ப முடியாது.

எங்கே போனாலும் இதை மறக்காதீங்க!

நம்ம மலை ரயிலில் ஏறினால் குன்னூர் வரும் அல்லவா? அங்கே 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம், வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை தருவதற்காகவே ஆரம்பிக்கப்பட்டது. நூறு வருடம் தாண்டியும் உலகில் வெறிநோயால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில்தான் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால் உடனே ஊசி போட்டால் தடுத்துவிடலாம்.

எனவே நாய்க்கு வருடா வருடம் கால்நடை மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். உங்களை ஏதாவது நாய் கடித்தாலோ பிராண்டினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள். வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்து மறைக்கவே மறைக்காதீர்கள்!

நண்பர்களே, இந்தத் தாளின் கீழே ஒரு கட்டம் காலியாக விட்டிருக்கிறோம். உங்க வீதிப் பக்கம் நிழலும் மண் தரையும் உள்ள, வனத்தை விட்டுத் தள்ளியிருக்கும் நல்ல இடம் எது? எந்த நாய்க்கு ஏற்றது? பென்சிலில் எழுதுங்கள். நாய் வளர்க்கும் மற்றவர்களுக்கும் உதவும்.



— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு