கேமராவுக்குப் பின்னால் காவிரிக்கரை: உங்களுக்குத் தெரியுமா?

★ பாட்டு உருவாகிற விதத்தையே பாட்டாகக் காட்டிய படம் 'சர்வர் சுந்தரம்' (1964). 'அவளுக்கென்ன' பாட்டில் எம்.எஸ்.விஸ்வநாதனே திரையில் வந்து கையசைத்து இசை நடத்துவார். மைக் முன்னால் டி.எம்.சௌந்தரராஜனே நின்று பாடுவார். ஒலிப்பதிவுக்கூடம், வாத்தியக்காரர்கள், தளத்தில் ஆட்டம் என்று ஏவி.எம். ஸ்டுடியோவின் உள்பக்கம் அப்படியே வெட்டவெளிச்சம். எழுதியவர் வாலி, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி இரட்டையர். இரட்டையரில் பாதி திருச்சிச் சொத்து: வயலின் மேதை டி.கே.ராமமூர்த்தியின் பெயரில் முதலில் நிற்கும் 'டி', திருச்சிராப்பள்ளிதான். ஆக, தமிழ் சினிமா தன் கொல்லைப்புறத்தைத் திறந்து காட்டிய அந்த நான்கு நிமிடத்தில் பாட்டு ஸ்ரீரங்கத்துடையது, மெட்டில் பாதி மலைக்கோட்டையுடையது.

★ அதே 1964. 'சர்வர் சுந்தர'மாக நடித்த அதே நாகேஷ். அதே இசை இரட்டையர். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' செல்லப்பாவாக வந்து, கையில் காசில்லாமல், கதையும் சரியாக இல்லாமல் படம் எடுக்கக் கிளம்புவார் நாகேஷ். அப்பா பாலையாவை உட்கார வைத்துப் பேய்க்கதை சொல்லும் காட்சி இன்றும் தொலைக்காட்சியில் மாதம் ஒருமுறையாவது தலைகாட்டுகிறது. நகைச்சுவைப் பகுதிகளில் ஸ்ரீதருக்குத் தோள் கொடுத்தவர் சித்ராலயா கோபு. படத் தயாரிப்பைப் பற்றிய தமிழ் நகைச்சுவை எதை எடுத்தாலும் அதில் செல்லப்பாவின் ஜாடை தெரியும்.

★ திரைக்குப் பின்னால் நடப்பதையே சிரிப்பாக்கும் இந்த வகைக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு முன்னோடி உண்டு: 'தி டிக் வான் டைக் ஷோ' (1961-66). ஒரு டிவி நகைச்சுவை நிகழ்ச்சிக்கு எழுதுபவர்களின் அலுவலகம்தான் கதைக்களம். உருவாக்கிய கார்ல் ரைனர், தானே அப்படி எழுத்தாளர் கூட்டத்தில் உழன்றவர். முன்னோட்டப் பகுதியில் நாயகனாக நடித்தவரும் அவர்தான். அது எடுபடவில்லை. 'ஆளை மாற்று' என்றார்கள். மனுஷன் முறைத்துக்கொண்டு போகவில்லை. டிக் வான் டைக்கை நாயகனாக்கிவிட்டு, எல்லோரையும் படுத்தியெடுக்கும் நிகழ்ச்சி நட்சத்திரம் ஆலன் பிரேடியாகத் தானே வந்து போனார்.

★ வாலியின் இயற்பெயர் ரங்கராஜன். எழுத்தாளர் சுஜாதாவின் இயற்பெயரும் ரங்கராஜன். இருவரும் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர்கள். (அந்த ஊரில் தெருவில் நின்று 'ரங்கராஜா' என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்பியிருப்பார்களோ!) ஒருவர் ஓவியர் மாலியைப் போல வரைய ஆசைப்பட்டு வாலி ஆனார். இன்னொருவர் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார்.

★ 1939 மே 16 அன்று தொடங்கியது திருச்சி வானொலி நிலையம். சென்னை நிலையத்துக்கு ஏறக்குறைய ஒரு வயதுதான் இளையது. சினிமாவுக்கு வருமுன் வாலி அங்கே நாடகமும் பாட்டும் எழுதிக்கொண்டிருந்தார். 'கற்பனை என்றாலும்' என்ற முருகன் பாட்டை அஞ்சலட்டையில் எழுதி டி.எம்.எஸ்ஸுக்கு அனுப்பினார்; அவரே மெட்டமைத்துப் பாடினார். சில வருடம் கழித்து அதே டி.எம்.எஸ். திரையில் தோன்றிப் பாடிய பாட்டுதான் மேலே சொன்ன 'அவளுக்கென்ன'.

★ திரைக்குப் பின்னால் நடப்பதை நாவலாகவே எழுதியவர் சுஜாதா: 'கனவுத் தொழிற்சாலை', ஆனந்த விகடனில் தொடராக வந்தது. சினிமா உலகின் பளபளப்புக்கு அடியில் கிடக்கும் பயம், பணம், பாய்ச்சல் எல்லாம் அதில் உண்டு. சிரிப்பும் உண்டு, ஆனால் கசப்பான சிரிப்பு. டிவி பக்கம் வந்தால் அவர் இன்னும் கறார். வசனம் எழுதிய 'இந்தியன்' (1996) படத்தில் லஞ்சம் கேட்ட டாக்டரை நாயகன் சேனாபதி தண்டிப்பது தொலைக்காட்சி நேரலையில். 'முதல்வன்' (1999) படத்துக்கும் வசனம் அவரே. க்யூ டிவி கேமராமேன் புகழேந்தி, முதல்வராக வரும் ரகுவரனைப் பேட்டி காணும் அந்த நீண்ட காட்சி, ஒரு நாற்காலிப் பேச்சு எப்படி சண்டைக்காட்சியை விடச் சூடாக முடியும் என்பதற்குப் பாடம். அதே க்யூ டிவியின் சிரிப்புப் பங்கு வடிவேலுவின் பலவேசத்திடம். அந்தப் பலவேசத்தை மட்டும் தனியே எடுத்து ஒரு வாரத்தொடர் செய்திருந்தால் தமிழுக்கு அசல் டிவி-நிலைய நகைச்சுவை கிடைத்திருக்கும் என்று எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

★ சுஜாதா திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல். வேலை பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் அவருக்கும் பங்கு உண்டு. டிவியின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஸ்க்ரூடிரைவரோடு தெரிந்த திரை எழுத்தாளர்கள் அபூர்வம்.

★ 2006-ல் அமெரிக்காவின் என்.பி.சி. ஒரே சமயத்தில் இரண்டு தொடர்களை இறக்கியது. இரண்டுக்கும் ஒரே களம்: ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி தயாராகும் அலுவலகம். கனமான நாடகமாக எடுத்த 'ஸ்டூடியோ 60' ஒரே பருவத்தில் மூட்டை கட்டியது. அசட்டுத்தனமாக எடுத்த '30 ராக்' ஏழு பருவம் ஓடி, சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருதைத் தொடர்ந்து மூன்று ஆண்டு வாங்கியது. எழுதி நடித்த டினா ஃபே, 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியின் தலைமை எழுத்தாளராக இருந்தவர். பழைய ஆபீஸையே கதையாக்கிவிட்டார். தொடரின் பெயர் என்.பி.சி. கட்டடத்தின் முகவரி. சொந்த முதலாளியையே வாராவாரம் கிண்டலடித்தும் சம்பளம் நிற்கவில்லை. 2010-ல் ஒரு பகுதியை நேரலையாக நடித்தார்கள், அதுவும் ஒரே இரவில் இரண்டு தடவை: கிழக்குக் கரைக்கு ஒன்று, மேற்குக் கரைக்கு ஒன்று. நம் சபா நாடகக்காரர்கள் இதைக் கேட்டால் 'மேட்னியும் ஈவினிங்கும்தானே, இதில் என்ன அதிசயம்?' என்பார்கள்.

★ பிரிட்டனின் 'டிராப் தி டெட் டாங்கி' (1990-98) ஒரு செய்தி சேனலின் அறையில் நடக்கும் கதை. அந்த வாரத்துச் செய்தியே நகைச்சுவைக்கு வேண்டும் என்பதால், ஒளிபரப்புக்கு முந்தைய நாள் வரை பதிவைத் தள்ளி வைப்பார்கள். நம் ஊரில் தலைகீழ்: பொங்கல் சிறப்பு நிகழ்ச்சியைப் பல நாள் முன்னதாகவே பட்டுப்புடவை கட்டி எடுத்து முடித்துவிடுகிறோம்.

★ தமிழ் டிவியில் கச்சாப் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. தூர்தர்ஷனின் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டைக்குப் பின்னால் யார் எந்தக் கம்பியைத் தேடி ஓடினார்? மெகா தொடரில் 'இவருக்குப் பதில் இனி இவர்' என்று எழுத்து வரும் முன் அந்த அறையில் என்ன பேசிக்கொண்டார்கள்? ஒவ்வொன்றும் அரை மணி நேரச் சிரிப்பு. ஆனாலும் நம்மவர்கள் டிவியில் உட்கார்ந்துகொண்டு சினிமாவைத்தான் கலாய்த்தார்கள். விஜய் டிவியின் 'லொள்ளு சபா' அதற்குச் சாட்சி. இயக்கியவர் ராம்பாலா, அதில் பேர் வாங்கியவர் சந்தானம்; இருவரும் பிறகு 'தில்லுக்கு துட்டு' (2016) படத்தில் சேர்ந்தார்கள்.

★ மேடையில் நின்றபடியே நாடகத்தையும் நாட்டையும் நக்கலடித்த எம்.ஆர்.ராதா கடைசிக் காலத்தில் இருந்தது திருச்சியில். 1979 செப்டம்பர் 17 அன்று அங்கேயே காலமானார். மகள் ராதிகா, ராடான் நிறுவனத்தைத் தொடங்கி, 1999-ல் 'சித்தி' மூலம் தமிழ்நாட்டு இரவு ஒன்பதரை மணியைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டார்.

★ தென்னிந்திய டூரிங் சினிமாவின் பிள்ளையார்சுழியும் திருச்சிதான். அங்கே ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி, வேலையை விட்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார்.

★ சிவகார்த்திகேயன் பள்ளி, கல்லூரி இரண்டும் திருச்சியில். 'கலக்கப் போவது யாரு' மேடை, பிறகு தொகுப்பாளர், 2012-ல் 'மெரினா'. விஜய் டிவியில் அவரோடு கேமராவுக்குப் பின்னால் நின்றவர்களில் ஒருவர் நெல்சன் திலீப்குமார். நெல்சனின் இயக்கத்தில் முதலில் வெளிவந்த படம் 'கோலமாவு கோகிலா' (2018). அதில் சிவகார்த்திகேயன் நடிக்கவில்லை. 'கல்யாண வயசு' பாட்டை எழுதிக் கொடுத்தார்.