பேரிளம்பெண் பருவத்திற்கு அப்பால்: நெசவுப் பெண்களின் ஈறு நலமும் வைட்டமின் டியும்

முன்னுரை

பாட்டியல் நூல்கள் மகளிர் பருவங்களை ஏழாகப் பகுத்து, 40 அகவையளவில் பேரிளம்பெண்ணோடு நிறைவு செய்கின்றன. மாதவிடாய் நிற்கும் காலம் பெரும்பாலும் அவ்வெல்லைக்கு அப்பாற்பட்டது. அக்காலத்தில் ஈற்றில் குருதி கசிவதையும் பல் ஆடுவதையும் வயதின் இயல்பென்று விட்டுவிடும் வழக்கம் குடும்பங்களில் உண்டு. அவ்வாறு விடுதல் தகாது என்பதைச் சேலம் அம்மாபேட்டையின் கைத்தறிச் சூழலை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

ஈறும் எலும்பும்

ஈறு நோயின் முதற்காரணம் பல்லடியில் படியும் நுண்ணுயிர்ப் படலமே ஆகும். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது எலும்புத் தேய்மானம் மிகுகிறது. பல்லைத் தாங்கும் தாடையெலும்பும் அதற்கு விலக்கன்று. வைட்டமின் டி, குடல் கால்சியத்தை ஏற்கத் துணைபுரிகிறது. நுண்ணுயிர்களை எதிர்க்கும் கேத்தலிசிடின் உருவாவதையும் தூண்டுகிறது. எனவே அதன் குறைபாடு எலும்பையும் எதிர்ப்பாற்றலையும் ஒருங்கே தளர்த்தக்கூடும்.

வெயிலும் தறியும்

தோலில் வைட்டமின் டி உருவாகப் புற ஊதா-பி கதிர் வேண்டும். கதிரவன் தாழ்ந்திருக்கும் காலையில் அக்கதிர் மிகக் குறைவு. நண்பகலையொட்டியே அது மிகுதி. நெசவாளர் தெருவில் பாவு நீட்டுவது காலையில். வெயில் ஏறியபின் தார் சுற்றுதலும் நெய்தலும் கூரையின் கீழ் நிகழ்கின்றன. வெயில் மிக்க ஊரில் வாழ்வதாலேயே வைட்டமின் டி போதிய அளவில் கிடைத்துவிடாது. திருப்பதியில் மாதவிடாய் நின்ற 164 பெண்களிடம் நிகழ்த்தப்பெற்று 2005இல் வெளிவந்த ஆய்வு, 30 விழுக்காட்டினரிடம் குறைபாட்டையும் 52 விழுக்காட்டினரிடம் போதாமையையும் கண்டது.

சான்றும் வரம்பும்

அமெரிக்காவின் பஃபலோ நகரில் மாதவிடாய் நின்ற 920 பெண்களை ஆராய்ந்து 2013இல் வெளியான கட்டுரை, வைட்டமின் டி போதிய அளவு உடையோரிடம் ஈற்றுக் குருதிக்கசிவு குறைவாக இருந்ததைக் காட்டிற்று. ஆயினும் தாடையெலும்புத் தேய்வோடும் பல்லிழப்போடும் அத்தகைய தொடர்பு புலப்படவில்லை. ஒரே காலத்தில் அளந்த ஆய்வாதலின், இது தொடர்பைக் காட்டுமேயன்றிக் காரணத்தை நிறுவாது.

முடிவுரை

ஆகவே வைட்டமின் டி, பல் தூய்மைக்கு மாற்றன்று, துணையே. ஈறு கசியும் பெண் முதலில் பல் மருத்துவரை நாடுதல் வேண்டும். மாத்திரையைக் குருதிச் சோதனைக்குப்பின் மருத்துவர் கூறும் அளவிலேயே உட்கொள்ளல் வேண்டும். அளவு மீறின் குருதியில் கால்சியம் மிகுந்து கேடு தரும். நண்பகலையொட்டித் தறியை விட்டுச் சிறிது நேரம் வெயிலில் நிற்பதும் பயன் தரும். பேரிளம்பெண் பருவத்தோடு மகளிர் நலம் பேணுதல் நின்றுவிடலாகாது.